ஞாயிற்றுக்கிழமைக் கணவர்கள்

புதிதாக ஆய்வு நெறியாளர் ஆகியிருக்கிறீர்கள். சந்தோஷம். அறைக் கதவில் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியிருக்கும், வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் மேடம் என்கிறீர்கள். நான் வாங்கிய பாராட்டுகளைத்தான் கேட்கிறீர்கள் என்றால் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். பட்ட அவமானங்களைச் சொல்லச் சொன்னால் மூன்று நாள் கருத்தரங்கே நடத்த வேண்டியிருக்கும். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வினாநிரல் எப்படித் தயாரிப்பது, யார் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கணினியில் தட்டுகிற வேகத்தைப் பார்த்தாலே எனக்குக் கிறுகிறுக்கிறது. நான் சொல்ல வந்தது, கையில் சிவப்புப் பேனாவோடு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு வருகிற ஒரு வியாதியைப் பற்றி.

தூத்துக்குடியில் நான் சமூகவியல் துறையில் வேலை பார்த்த கடைசி வருடம் அது. ஓய்வுபெற இரண்டு மாதம்தான் பாக்கி. பிரிவு உபசார மலருக்குக் கட்டுரைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எல்லோரும் என் புத்தகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். நான் இளம்வயதில் எழுதிய ஆய்வேடுதான் பிறகு புத்தகமானது. கடற்கரைக் குடும்பங்களில் ஆண் வைத்ததுதான் சட்டம், பெண்ணுக்கு எந்த முடிவிலும் வாய் கிடையாது என்பது அதன் சாரம். பல கல்லூரிகளில் பாடமாகவும் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

என்னிடம் கடைசியாக முனைவர் பட்டத்துக்குப் படித்தவன் முத்துச்செல்வன். ஆறுமுகநேரிப் பையன். இன்று அவரும் உங்களைப் போல உதவிப் பேராசிரியர்தான், ஆனாலும் என் வாயில் 'அவன்' என்றுதான் வருகிறது, மன்னிக்க வேண்டும். அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அந்த அண்ணாச்சி ஒருமுறை என்னைத் தேடி கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், இவன் எப்பதான் படிச்சு முடிப்பான்? கடைக்கு வாரவுக எல்லாம் மகன் என்ன செய்யுதான்னு கேக்காவ. படிக்கான்னு சொன்னா, இன்னுமாங்காவ. நானும் அஞ்சு வருசமா ஆமாங்கேன்."

நான் என்ன சொல்வது? ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

முத்துச்செல்வன் கெட்டிக்காரன். ஆனால் நெறியாளர் சொல்லை மீறவே மாட்டான். மே மாதம் தூத்துக்குடியில் நின்றுகொண்டு "இன்னைக்கு வெயில் இல்லப்பா" என்று நான் சொன்னால், நெற்றியில் வழிகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டே "ஆமா மேடம்" என்பான். நம்முடைய துறையில் இதற்குப் பணிவு என்று பெயர். உண்மையில் இது பயம். எங்கே இந்த அம்மா கையெழுத்துப் போடாமல் இழுத்துவிடுவாரோ என்கிற பயம். நானும் என் நெறியாளரிடம் அப்படித்தான் இருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மீனவக் குடும்பங்களில் முடிவெடுப்பது யார் என்பது அவன் தலைப்பு. என் புத்தகத்தின் வழியிலேயே போகிற தலைப்பு. நான்தான் கொடுத்தேன். வாரநாட்களில் அவன் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். களப்பணிக்கு எப்போது போவது என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை போப்பா. அன்னைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. சர்ச்சுல பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. ஒரே நாள்ல பத்து வீடு பார்த்துடலாம்."

"சரி மேடம்."

ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் போனான். போகிற வீட்டிலெல்லாம் சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஆய்வேடு வளர்ந்ததோ இல்லையோ, ஆள் நன்றாகப் பெருத்தான். கேள்விக்கெல்லாம் பதில் வாங்கி வந்தான். ஓரிருவரைத் தவிர பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி பதில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்டால், 'அவுகதான்'. அவுக என்றால் கணவர். என் புத்தகம் மீண்டும் ஒருமுறை நிரூபணமானது. எனக்குச் சந்தோஷம்.

ஆய்வேட்டை எழுதி அனுப்பினான், வெளித் தேர்வாளர்களும் நல்ல அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இனி வாய்மொழித் தேர்வு மட்டும்தான். அதற்குள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு அந்த இடம் போய்விடும். தேர்வு நாளுக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் ஒன்பது நாள். அவன் அந்த நியமன ஆணையைக் கண்ணாடிக் கவரில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

பொது வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயர்தான் பொது. முதலாமாண்டுப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து கூட்டம் சேர்ப்போம். மிக்சரும் மக்ரூனும் உண்டு என்று சொன்னால் தானாகவே வருவார்கள். கேள்விகளையும் நாமே துண்டுச் சீட்டில் எழுதி நாலைந்து பேரிடம் கொடுத்து வைப்போம். ஆய்வாளர் அசந்து போகிற மாதிரி நடித்து, மனப்பாடம் செய்த பதிலைச் சொல்வார். முடிவு வருவதற்கு முன்பே பொன்னாடை மடித்துத் தயாராக இருக்கும். அன்றைக்கும் எல்லாம் தயார்.

புதன்கிழமை. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பதினைந்து பெண்கள் இறங்கினார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. காவலாளி ஏதோ மறியல் என்று நினைத்து முதல்வர் அறைக்குப் போன் போட்டுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், முத்துச்செல்வன் அவர்களைச் சிரித்த முகத்தோடு அழைத்து வருகிறான். அவன் பேட்டி எடுத்த பெண்கள்!

"என்னப்பா இது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அறிவிப்புல அனைவரும் வருகன்னு போட்டிருந்துச்சு மேடம்."

"அது சும்மா போடுறதுப்பா!"

"ஆமா மேடம்" என்றான். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளி, அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தோம். நடுநாயகமாக உட்கார்ந்தவர் ரோசம்மா. ஐம்பது வயதிருக்கும். கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே ஏலக் களத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்.

புறத்தேர்வாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர். சிரிக்காத மனிதர். அவரிடம் தேறுவது கஷ்டம் என்று ஊரெல்லாம் பேச்சு. முத்துச்செல்வன் நன்றாகவே பேசினான். துண்டுச் சீட்டுக் கேள்விகளும் ஒழுங்காக வந்தன. ஒரு பெண் மட்டும் பதட்டத்தில் கேள்வியோடு சேர்த்து அடியில் எழுதியிருந்த பதிலையும் படித்துவிட்டாள். புறத்தேர்வாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு திரையில் ஒரு வட்டப் படம் வந்தது. வட்டம் முழுவதும் நீலம். ஓரத்தில் மட்டும் ஊசி முனையளவு சிவப்பு. அப்போது ரோசம்மா கையைத் தூக்கினார். புறத்தேர்வாளர், இதுவும் சீட்டுக் கேள்விதான் என்று நினைத்தாரோ என்னவோ, "கேளுங்கம்மா" என்றார்.

"தம்பி, அந்த நீலமா இருக்கே, அது யாரு?"

"அது கணவர்கள், அக்கா. குடும்பத்துல முடிவெடுக்கறவங்க."

"அம்புட்டுமா?"

"ஆமா அக்கா."

"ஓரத்துல சிவப்பா கீறினாப்புல கெடக்கே, அது?"

"அது மனைவிகள்."

முன்வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பதினைந்து பேரும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் முதலாமாண்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தலைமையேற்றிருந்த முதல்வர் மணியடித்துப் பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"அவுக அஞ்சாறு நா கடல்ல நிக்காவ" என்றார் ரோசம்மா. "இஞ்சின் பழுதாச்சு, வேற மாத்தினது நான். மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்து முடிச்சது நான். சின்னவன் கடலுக்கு வேண்டாம், பாலிடெக்னிக்கு போட்டும்னு சேத்துவிட்டதும் நாந்தான். அவுக கரைக்கு வந்த பொறவு சொன்னேன். சரின்னாவ. இதுல நீலம் எங்க இருக்கு?"

அந்த வரிசை முழுக்க ஆமோதித்தது. புறத்தேர்வாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா, இவர் வீட்டுக்கு வந்து கேட்டப்ப ஏன் கணவர்தான்னு சொன்னீங்க?"

"சார், இந்தத் தம்பி வந்தது ஞாயித்துக்கிழம. அவுக பக்கத்துல உக்காந்திருக்காவ. வாரம் பூரா உப்புத் தண்ணியில கெடந்துட்டு அன்னைக்கு ஒருநாத்தான் குளிச்சு, தல சீவி, வெள்ளச் சட்ட போட்டு உக்காருதாவ. அவுக மூஞ்சிக்கு நேரா, 'எல்லாம் நாந்தான்'னு எந்தப் பொம்பள சொல்லுவா? ஞாயித்துக்கிழமையாவது எசமானா இருந்துட்டுப் போட்டுமே."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மூன்றாம் இயலைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"எல்லா நேர்காணலும் ஞாயித்துக்கிழமைதானா?"

"ஆமா சார்" என்றான் முத்துச்செல்வன்.

"எல்லா வீட்லயும் கணவர் கூட இருந்தாரா?"

"ஆமா சார்."

"அதை இதில் எங்கேயும் சொல்லக் காணோமே. இது பதிலை மாத்தும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

முத்துச்செல்வன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு கணம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார். நான் கவனிக்கல" என்றான்.

புறத்தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "அப்போ களப்பணியைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். ஆறு மாசம் ஆகும்" என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் சொன்னது பொய். அவன் கவனித்திருந்தான். முதல் வரைவில், மூன்றாம் இயலின் கடைசியில், அரைப் பக்கம் எழுதியிருந்தான். நேர்காணல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், கணவர் உடனிருக்கும்போது எடுக்கப்பட்டது. பெண்கள் பதில் சொல்லுமுன் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று. அதன்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்து, 'தேவையற்றது' என்று எழுதியவள் நான். ஏன் மேடம் என்று அவன் கேட்டதற்கு, பக்கம் கூடுகிறது என்றேன். சரி மேடம் என்று போய்விட்டான்.

இப்போது அந்தக் கோடு அவன் வேலையைக் கொண்டு போகப் போகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் சாகும்வரை சொல்ல மாட்டான். எனக்கு இரண்டு மாதம்தான் பாக்கி, மலர் அச்சுக்குப் போகப் போகிறது. இவ்வளவையும் நான் அந்த நிமிடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, முதலில் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்புறம் அந்தக் கண்ணாடிக் கவரைப் பார்த்தேன். மேசைமேல், அவன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

எழுந்து நின்றேன். "சார், அவன் கவனிச்சான். எழுதியும் இருந்தான். நான்தான் அடிச்சேன்" என்றேன்.

"ஏன் மேடம்?"

பக்கம் கூடியது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முன்வரிசையில் ரோசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"என் ஆய்வுக்கும் நான் ஞாயித்துக்கிழமைதான் போனேன்" என்றேன். "என் நெறியாளர் சொன்னார், போனேன். வீட்டுக்காரங்க பக்கத்துலதான் இருந்தாங்க. அந்த அரைப் பக்கம் இதுல இருந்தா, என் புத்தகம் நிக்காது. அதான் அடிச்சேன்."

முதல்வர் கையிலிருந்த பொன்னாடையை மெதுவாக மேசைக்கு அடியில் வைத்தார். முதலில் பேசியது ரோசம்மாதான்.

"அட, அந்த டீச்சர் நீங்கதானா? எங்க மாமியா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஒல்லியா ஒரு டீச்சர் வந்து, மாமனார வச்சுக்கிட்டே 'உங்கள அடக்கி வச்சிருக்காரா'ன்னு கேட்டுச்சு, பாவம்னு நெனச்சு ஆமான்னு சொல்லி அனுப்பினேன்னு சொல்லுவா."

என் வாழ்நாள் சாதனைக்குக் கிடைத்த மதிப்புரைகளில் நேர்மையானது இதுதான். அதுவரை ஒருமுறைகூடச் சிரிக்காத புறத்தேர்வாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், உங்க புத்தகத்தை எங்க பாடத்திட்டத்தில் வச்சதே நான்தான். வருஷா வருஷம் நானே நடத்துறேன். நாளைக்கு அந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கப் போறேன்?" என்றார்.

பழைய வரைவு இருக்கிறதா என்று கேட்டார். முத்துச்செல்வன் பையிலிருந்து எடுத்தான். என் சிவப்புக் கோட்டோடு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான், படுபாவி! அவர் அந்த அரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "ஆய்வேட்டிலேயே உருப்படியான பக்கம் இதுதான்" என்றார். அதை அப்படியே சேர்த்து, அன்றைக்கு அந்தப் பெண்கள் சொன்னதையும் அவர்கள் சம்மதத்தோடு ஓர் இயலாக எழுதி, ஒரு வாரத்துக்குள் கொடுத்தால் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம். ஒன்பது நாளில் அது அடங்கும். முத்துச்செல்வன் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். பொன்னாடை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

மலரில் என் புத்தகத்தைப் பற்றிய கட்டுரைகளை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்த பிறகு அது மிகவும் மெலிந்துவிட்டது. சக ஆசிரியர்கள் சிலர் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார்கள். போகட்டும். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாணவர் எழுதியதை அடிக்கப் பேனாவை எடுக்கும்போது, இதை அடித்தால் நன்மை யாருக்கு என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் என்று தோன்றினால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மக்ரூன் தின்று முடித்து, பெண்கள் வேனில் ஏறினார்கள். வழியனுப்ப நானும் முத்துச்செல்வனும் வாசல்வரை போனோம். ரோசம்மா ஜன்னல் வழியாக என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு விசயம். நாங்க இங்கன வந்தத ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதிய. மாதா கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டுல எல்லா முடிவும் நீங்கதான்னு இப்பதானே அத்தனை பேர் முன்னால சொன்னீங்க?"

"ஆமா. சொல்லாம வரணும்னு முடிவெடுத்ததும் நாங்கதான்."

முத்துச்செல்வன் பரபரவென்று நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தான். திறந்தவன் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினான். "இத எழுதிக்கிடட்டுமா மேடம்?"

"என்னை ஏன்ப்பா கேக்குற? அவங்களைக் கேளு."

அவன் ஜன்னலை நெருங்கிப் போய்க் கேட்டான். ரோசம்மா தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு யோசித்தார்.

"எழுதலாம், தம்பி. எதுக்கும் அவுகள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

வேனுக்குள் பதினைந்து பேரும் சிரிக்கிற சத்தம் வண்டி திரும்பி மறைகிறவரை கேட்டது. உண்மையாகவே கேட்கப் போகிறாரா, எங்களைக் கிண்டல் செய்கிறாரா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முத்துச்செல்வன் பேனாவை மூடாமல் நின்றுகொண்டிருந்தான்.